கூண்டில் யாரும் இல்லை

மகளிடம் சொன்னது ஒரே ஒரு தடவைதான். சொன்ன வாய் அதோடு விட்டுவிட்டது, கேட்ட காது விடவில்லை. கௌசல்யா கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தெருக்கோடி பைப்படியைத் தாண்டிப் பழைய ரயில் தடத்தில் ஏறும்போது அந்த வார்த்தை, செருப்பில் ஏறின முள் மாதிரி, எட்டு வைக்கிறபோதெல்லாம் ஒரு குத்து குத்தியது. "சாப்பிடலன்னா பாலத்துக்காரன்கிட்ட உன்னப் புடிச்சிக் குடுத்துருவேன். போ. எனக்குத் தம்பி இருக்கான், அவன் போதும்." இதில் முதல் பாதி அவளுடையது இல்லை. அது ஊர் வார்த்தை. இந்தக் கரையில் அதைச் சொல்லாத தாய் கிடையாது, அக்கரையிலும் கிடையாது. அவள் அக்கரையில் பிறந்தவள், அங்கேயும் இதே ஆள்தான், இதே சாக்குதான். ரயில் பாலம் கட்டின காலத்தில் தூண் நிற்காமல் சரிந்து சரிந்து விழுந்ததாம், பாலம் காவு கேட்டதாம், சோறு தின்ன மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு பிள்ளையைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய்த் தூணுக்கு அடியில் வைத்த பிறகுதான் நின்றதாம். ரயில் நின்றுபோய் வருஷக்கணக்காகிவிட்டது, தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள், சாக்குக்காரன் மட்டும் போகவில்லை. பாலத்தின் பக்கவாட்டில், ரயில் வந்தால் நடந்து போகிறவர்கள் ஒதுங்கி நிற்பதற்கென்று ஓர் இரும்புக் கூண்டு இருக்கிறதே, அதற்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, எந்த வீட்டில் எந்தப் பிள்ளை தட்டைத் தள்ளுகிறது என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். சரி, அது போகட்டும், அது எல்லாரும் சொல்வது. இரண்டாவது பாதி? எனக்குத் தம்பி இருக்கான், அவன் போதும். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது அவள் வயிற்றிலிருந்து வந்தது.

அன்றைக்குத் தம்பிக்கு, இந்தக் கைக்குழந்தைக்கு, காய்ச்சல். மார்பில் பால் கட்டிக்கொண்டு கல்லாக் கனத்தது. வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில், போன் அடித்தால் மிஷின் சத்தத்தில் எடுக்க மாட்டார். தன்சி, நாலு வயசு, தன்ஷிகா என்று பெயர் வைத்தது அவள் அப்பாதான், தன்சி சோற்றை வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, விழுங்காமல் துப்பாமல், அதுபாட்டுக்குச் சுவரில் ஊர்கிற பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்படி ஒவ்வொரு காரணமாக எடுத்து அடுக்கினால் அவள் பக்கம் நியாயம் இருப்பது மாதிரித்தான் தெரியும். அடுக்கி முடித்ததும் அடியிலிருந்து ஒன்று சரியும். ஏன் என்றால் சொல்லும்போது அவளுக்குக் கோபம் இல்லை. அதுதான். கத்திச் சொல்லியிருந்தால் கோபத்தில் வந்த வார்த்தை என்று விட்டுவிடலாம். அவள் மெதுவாக, ரேஷன் கடையில் எனக்கு இது போதும், மற்றது வேண்டாம் என்று சொல்வது மாதிரி, யோசித்துச் சொன்னாள். அப்போது உள்ளுக்குள்ளே ஒரு நொடி, ஒரே பிள்ளையாக இருந்திருந்தால் எவ்வளவு லேசாக இருக்கும் என்று தோன்றியதா இல்லையா? தோன்றவில்லை. தோன்றியது. அதுவும் விளக்கு வைக்கிற நேரம். விளக்கு வைக்கிற நேரத்தில் வாயில் கண்டது வரக்கூடாது, கூரை மேலே ஒரு தேவதை ஆகட்டும் ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டே போகும் என்று அம்மா சொல்வாள், அம்மா சொன்னதில் இது ஒன்றைத்தான் கௌசல்யா அதுவரை தாண்டினதில்லை, அன்றைக்குத் தாண்டினாள். தன்சி கன்னத்துச் சோற்றை ஒரே முழுங்காக முழுங்கியது. தொண்டை புடைத்துக்கொண்டு இறங்கினதை அவள் பார்த்தாள். நல்லது, பலித்துவிட்டது என்று நினைத்தாள்.

பலித்ததுதான் பாவம். பலிக்காமல் போயிருந்தால் அந்த வார்த்தை ஒருநாள் வார்த்தையாகப் போயிருக்கும். அன்றிலிருந்து தன்சி தட்டு வைத்ததும் உட்கார்ந்துவிடும், பேசாது, பல்லியைப் பார்க்காது, வைத்ததை வழித்துவிட்டு வாயை ஆவென்று திறந்து காட்டும். அடுத்த வீட்டு ஜெயக்கொடி அக்கா வந்து பார்த்துவிட்டு, "என்னாடி கௌசி, எந்தக் கோயில்ல மந்திரிச்ச? எம் பேரனுக்கும் கொஞ்சம் மந்திரிச்சி விடேன்" என்றாள். கௌசல்யா சிரித்தாள். சிரிக்கவும் செய்தாள், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். தெருவே மெச்சியது, சமத்துப் பிள்ளை, தாய் கஷ்டம் தெரிந்த பிள்ளை. ராத்திரித் தூக்கத்தில் பிள்ளை, "சாப்பிட்டேன்... எல்லாம் சாப்பிட்டேன்" என்று முனகும். யாரிடம் சொல்கிறது? ஒருநாள் தம்பியைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே வெகு சாதாரணமாகக் கேட்டது, "அம்மா, பாலத்துக்காரனுக்குப் பெரிய பாப்பா புடிக்குமா, சின்னப் பாப்பா புடிக்குமா?" "ஏண்டி?" "சும்மா." தொட்டிலை இன்னும் இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு, "தம்பிக்குப் பல்லே இல்லல்ல, அவன் சோறே திங்க மாட்டான்ல" என்றது. நாலு வயசுப் பிள்ளை யாரைக் கொடுத்தால் யார் தப்பலாம் என்று யோசிக்கிறது. எங்கே படித்தது அந்தப் பாடத்தை? அவளிடம்தான். அன்று ராத்திரியே பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "சும்மா சொன்னேண்டி தங்கம், பாலத்துக்காரன்னு யாரும் கெடையாது, அம்மா பொய் சொன்னேன்" என்றாள். தன்சி வேகவேகமாகத் தலையாட்டியது. ஊசி போடுகிற நர்ஸ் வலிக்காது என்று சொன்னால் தலையாட்டுகிற மாதிரி. மறுநாள் யாரும் சொல்லாமலே இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, வாசலில் வாந்தி எடுத்தது.

தடத்தில் கருங்கல் ஜல்லி இன்னும் கிடந்தது, காலைப் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் சீமைக்கருவை வளைந்து வந்து வழியை மூடப் பார்த்தது. தூரத்தில் இரும்பை வெட்டுகிற சீறல் சத்தம். கேஸ் கட்டர். போன திங்கட்கிழமை லாரி வந்து இறங்கியதிலிருந்து இந்தச் சத்தம்தான், அக்கரைப் பக்கமிருந்து பாலத்தை வெட்டி வெட்டிக் கொண்டுவருகிறார்கள், வாரக் கடைசிக்குள் இந்தப் பக்கமும் இருக்காது என்று பேச்சு. ஜெயக்கொடி அக்கா கீரை ஆய்ந்துகொண்டே, பக்கத்தில் தன்சி உட்கார்ந்திருப்பதுகூடத் தெரியாமல், "கட்டுறப்ப காவு கேட்ட பாலம் ஒடைக்கிறப்ப சும்மாவா இருக்கும்?" என்றாள். அவ்வளவுதான். அன்று மத்தியானம் தன்சி ஜன்னல் கதவைச் சாத்தியது. "பாலத்த வெட்டிட்டா அவன் எங்கம்மா தூங்குவான்?" என்றது. பிறகு, "நம்ம வூட்டுக்கு வருவானா?" என்றது. அப்போதுதான் கௌசல்யாவுக்கு உறைத்தது. பாலம் இருக்கிறவரைக்கும் அவன் பாலத்தில் இருக்கிறான். ஒரு இடம் இருந்தது அவனுக்கு. பாலம் போய்விட்டால் இடம் போய்விடும், ஆள் போக மாட்டான். அப்புறம் கொல்லையில் இருப்பான், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருப்பான், ஸ்கூல் போகிற வழியெல்லாம் இருப்பான், இந்தப் பிள்ளை வளர்ந்து ஒருத்தன் வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பெற்றாலும் இருப்பான். அவன் இல்லை என்று காட்டுவதற்குக் காலியான ஒரு கூண்டு இன்னும் இரண்டு மூன்று நாளைக்குத்தான் இருக்கும். நேரில் காட்டலாம் என்று நேற்று கைப்பிடித்து இழுத்துக்கொண்டு பைப்படிவரை வந்தாள், பிள்ளை தரையில் உட்கார்ந்து அலறிய அலறலில் தண்ணீர் பிடித்தவர்கள் எல்லாம் குடத்தை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். பிடித்துக் கொடுக்கத்தான் அம்மா கூட்டிக்கொண்டு போகிறாள் என்று நினைத்திருக்கும். நினைக்காதா பின்னே? அதனால்தான் போட்டோ. வார்த்தையை நம்பாத பிள்ளை போட்டோவை நம்பும், அப்பாவையே போட்டோவில்தானே நம்பிக்கொண்டிருக்கிறது.

இது மட்டும் என்றால் பரவாயில்லை. இடுப்பில், புடவைக் கொசுவத்துக்குப் பக்கத்தில், மடித்துச் செருகின காகிதத்தில் ஒரு பிடி தவிடு இருந்தது. ஜெயக்கொடி அக்காவின் மாட்டுத் தொட்டியிலிருந்து, கேட்காமல், அள்ளியது. கேட்டால் எதற்கு என்பாள். பிறந்து பிறந்து தங்காத வீடுகளில், தங்கின பிள்ளையை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்ட மாதிரி கொடுத்துவிட்டு, தவிடு கொடுத்துத் திருப்பி வாங்குவார்கள். தவிட்டுக்கு வாங்கின பிள்ளை மேல் எமனுக்கும் ஆசை வராதாம். வீட்டுக்காரரின் பெரியப்பாவுக்குத் தவுட்டுராசு என்றே பெயர், எழுபதைத் தாண்டி இன்றைக்கும் சைக்கிள் ஓட்டுகிறார். தன்சிக்கு ஒரு நோவும் இல்லை, வாந்திகூட நின்றுவிட்டது, ஆனால் கொடுத்துருவேன் என்று வாய் சொல்லிவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் சொல்லிவிட்டது. சாமிக்குச் செய்கிறேன் என்று வாய் தவறிச் சொன்னாலும் அது நேர்த்திக்கடன்தானே, செய்யாமல் விட்டால் கேட்காதா? அப்படியானால் இது மட்டும் எப்படி வெறும் பேச்சாகும்? சொன்னதைத் திருப்பி வாங்க வேண்டும். பாலம் இருக்கும்போதே வாங்க வேண்டும், போன பிறகு யாரிடம் போய்க் கேட்பது? பாலத்துக்காரன் இல்லை என்று பிள்ளைக்குக் காட்டப் போட்டோ எடுக்கப் போகிறவள், பாலத்துக்காரனிடமிருந்து பிள்ளையைத் திருப்பி வாங்கத் தவிடும் கொண்டுபோகிறாள். யாராவது மடக்கிக் கேட்டால் இதற்கு என்ன சொல்வாள்? அவளுக்கே சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் அடைத்தது, ஏனென்றால் இடுப்பில் தம்பி அசைந்தான். ஐயோ. பெரியதைத் திருப்பி வாங்கப் போகிறவள் சின்னதைத் தூக்கிக்கொண்டல்லவா போகிறாள். பால் குடிக்கிற பிள்ளை, விட்டுவிட்டு வர முடியாது, நிஜம்தான். ஆனாலும் காவு கேட்கிற இடத்துக்கு ஒரு பிள்ளையைக் கேட்கக் கை நிறைய இன்னொரு பிள்ளையோடு போய் நின்றால் மாற்றிக்கொள்ள வந்திருக்கிறாள் என்றுதானே தோன்றும்? யாருக்குத் தோன்றும்? யாரும் இல்லையே. இல்லை என்றுதானே போட்டோ எடுக்கப் போகிறாய். திரும்பிவிடலாமா என்று நின்றாள். வெயில் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. நடந்தாள்.

கருவை விலகியதும் பாலம் தெரிந்தது, தெரிந்ததும் பாதிதான் தெரிந்தது. ஆற்றுக்கு நடுவில் ஒரு தூண் மொட்டையாக நின்றது, அதற்கு அந்தப் பக்கம் வெறும் வானம். பிறந்ததிலிருந்து பார்த்த வானத்தில் அந்த இடம் மட்டும் புதுசாக இருந்தது. கீழே ஆகாயத்தாமரை பச்சையாக அடைத்துக் கிடந்தது. இந்தக் கரையோரத்தில் நாலைந்து ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், அவள் தலையைக் குனிந்துகொண்டு, யாரும் பார்க்காத மாதிரி, பக்கவாட்டில் போய்விடப் பார்த்தாள். "யாரும்மா அது, கைப்புள்ளையோட எங்க ஏறுற?" தலையில் துண்டு கட்டின ஆள், மேஸ்திரி போலிருந்தார், டம்ளரோடு எழுந்து வந்தார். அவள் போனைத் தூக்கிக் காட்டினாள். "ஒரு... போட்டோ." "அதான பாத்தேன். நேத்து ஒரு கூட்டம், முந்தாநாள் ஒரு கூட்டம். கல்யாணப் பொண்ணு மாப்ளையே வந்து நின்னு புடிச்சிட்டுப் போச்சு. முழுசா நின்னப்ப ஒரு நாயும் எட்டிப் பாக்கல, வெட்ட ஆரம்பிச்சதும் எல்லாருக்கும் பாசம் பொங்குது. போனக் குடு, நானே எடுத்து விடுறேன், நீயும் புள்ளையும் அந்தக் கம்பிகிட்ட நில்லுங்க." "நாங்க வேணாம். ஆளில்லாம வேணும்." "ஆளில்லாமயா?" மேஸ்திரி திரும்பிச் சத்தம் போட்டார். "டேய், எல்லாம் தள்ளிப் போங்கடா. இந்தம்மாவுக்கு ஆளில்லாத பாலம் வேணுமாம்." உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "நாங்களும் பாக்க அவ்வளவு மோசமா இல்லியேக்கா" என்றான். காது சுட்டது. எல்லாரும் பார்க்கிறார்கள், இடுப்பில் தவிடு இருப்பது தெரிகிறதோ என்று புடவையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பாலம் முழுக்க வேண்டாம், கரையிலிருந்து ஏறினதும் இருக்கிற அந்த முதல் கூண்டு மட்டும் போதும் என்று எப்படியோ சொல்லி முடித்தாள். சொல்லிவிட்டுக் கூண்டைப் பார்த்தாள். கூண்டுக்குள் சாக்கு தொங்கியது.

கால் நிஜமாகவே நின்றுவிட்டது. சாக்குதான், சணல் சாக்கு, கீழ்ப்பக்கம் கனத்துத் தொங்கியது. மூளை சொல்லிற்று, வேலைக்காரர்கள் சாமான் போட்டு மாட்டியிருக்கிறார்கள். உடம்பு கேட்கவில்லை, உடம்பு அக்கரையில் அம்மா பிசைந்து வைத்த சோற்றுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. "அண்ணே," என்றாள், குரல் தன்சி குரல் மாதிரி இருந்தது, "அந்தச் சாக்க மட்டும் எடுத்துருவீங்களா?" "சுத்தியலும் ஸ்பேனரும்மா அது. சாக்கு உன்ன என்னா பண்ணுது?" "பாப்பாவுக்குக் காட்டணும். உள்ள யாரும் இல்லன்னு காட்டணும். பயப்படுது." சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. சிரிக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தாள். மேஸ்திரி சிரிக்கவில்லை. டம்ளரை ஒரு உதறு உதறினார். "பூச்சாண்டியா? எங்க வூட்ல நாந்தாம்மா பூச்சாண்டி. அப்பா வரட்டும் சொல்றேன், அப்பா வரட்டும் சொல்றேன்னு அவ சொல்லிச் சொல்லி, எப்பவாச்சும் ஊருக்குப் போனா பய கட்டிலுக்கு அடியில பூந்துக்குறான். கையில முட்டாயோட நிக்கிறேன், அவன் என் இடுப்பு பெல்ட்டையே பாக்குறான்." அவரே போய்ச் சாக்கைக் கழற்றித் தோளில் போட்டார், கூண்டுக்குள் கிடந்த பீடித் துண்டுகளைக் காலால் ஆற்றில் தள்ளினார். "எடுத்துக்க. கீழ தகடு கெட்டியாத்தான் இருக்கு, கூண்டத் தாண்டி ஒரு அடி வைக்காத. டீ முடிஞ்சதும் ஆரம்பிச்சிருவோம்." சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடந்து போனதை அவள் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

போனைத் தூக்கினால் எடுக்க மாட்டேன் என்றது. இடம் இல்லையாம். இந்த எழுத்து வந்தால் எதையாவது அழிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. யார் யாரோ அனுப்பின காலை வணக்கப் பூக்களை அழித்தாள், சின்ன மாமியார் அனுப்பின முருகனைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழித்தாள், போதவில்லை. பெரியதாக இருந்தது ஒன்றுதான், தன்சி சோறு தின்கிற வீடியோ. வீட்டுக்காரருக்கு அனுப்புவதற்காக எடுத்தது, பாருங்க உங்க பொண்ணு எப்படிச் சாப்பிடுதுன்னு என்று இவள் பின்னாலிருந்து பேசுகிற குரல்கூட இருக்கும், அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மை அனுப்பினார். அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு ஓடவிட்டாள். தட்டு. ரசஞ்சோறு. பிள்ளையின் கை போகிறது வருகிறது, போகிறது வருகிறது. என்ன வேகம். அன்றைக்கு இது சந்தோஷமாக இருந்தது. வழித்து முடித்து, நிமிர்ந்து, போனைப் பார்த்து வாயை ஆவென்று திறந்து காட்டுகிறது. இவள் குரல் சிரிக்கிறது, வெரிகுட் என்கிறது. வீடியோ அதோடு முடிந்ததாகத்தான் அவள் நினைவு. முடியவில்லை. இன்னும் கொஞ்சம் இருந்தது. பிள்ளை உட்கார்ந்தபடியே திரும்பி, கொல்லைப்புறக் கதவைப் பார்த்து, பாலம் இருக்கிற திசையைப் பார்த்து, அங்கேயும் ஒரு தடவை வாயை நன்றாகத் திறந்து காட்டியது. நாக்கைத் தூக்கிக்கூடக் காட்டியது, அடியில் எதுவும் ஒளித்து வைக்கவில்லை என்று. பிறகுதான் எழுந்து கை கழுவப் போனது. கௌசல்யா இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கூடவே இருந்தாள், எதிரிலேயே நின்றாள், கையில் போன் பிடித்திருந்தாள், பார்க்கவில்லை. பெற்ற தாய் பார்க்கவில்லை, போன் பார்த்துவிட்டு இத்தனை நாள் சும்மா வைத்திருந்தது. விரல் அழிக்கிற இடத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. அழித்தாள். அழித்ததும் நெஞ்சில் ஒரு கனம் இறங்கினது, இறங்கினது என்று தெரிந்ததும் வெட்கமாக இருந்தது. இதற்காகவா அழித்தாய்? போட்டோவுக்காகத்தானே அழித்தாய்?

தம்பி அதற்குள் கண்ணைச் சொருகிவிட்டான். ஒரு கை வேண்டுமே என்று அவனைத் தோளில் சாய்த்து, வெயில் படாமல் முந்தானையால் தலையோடு மூடினாள். வெயில் பின்னாலிருந்து நேராக அடித்தது, போனில் என்ன தெரிகிறது என்றே தெரியவில்லை, கறுப்பாக அவள் முகம்தான் தெரிந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு கூண்டுப் பக்கம் காட்டி அழுத்தினாள், கொஞ்சம் நகர்ந்து அழுத்தினாள், குனிந்து தரையோடு ஒன்று அழுத்தினாள், மூலை தெரிய வேண்டும், மூலையில்தான் இருப்பான் என்று பிள்ளை சொல்லும். துருப்பிடித்த கம்பி, ஓட்டை விழுந்த தகடு, ஓட்டை வழியே பச்சை. இவ்வளவுதானா? இவ்வளவு சின்னதா? ஒரு ஆள் ஒழுங்காகக் குத்துக்காலிட்டு உட்காரக்கூட இடமில்லை. இதற்குள்தான் அவள் அம்மாவும், அம்மாவைப் பெற்றவளும், ஜெயக்கொடி அக்காவும், இரண்டு கரைப் பெண்களும் சேர்ந்து ஒருத்தனை உட்கார வைத்துச் சோறு போடாமல் காவல் வைத்திருந்தார்கள். கீழே ஆட்கள் டீ டம்ளர்களைக் கழுவுகிற சத்தம் கேட்டது. சீக்கிரம். காகிதத்தை உருவினாள். என்ன சொல்ல வேண்டும்? கொடுக்கிறவள், வாங்குகிறவள் இரண்டு பேர் வேண்டும் அதற்கு. ஒருத்தி தவிட்டைக் கொடுத்து எம் புள்ளையக் குடு என்பாள், இன்னொருத்தி இந்தா வாங்கிக்க, இனிமே இது உன் புள்ள என்பாள். இங்கே இன்னொருத்தி யார்? "எம் புள்ளையக் குடு," என்றாள், உதடு மட்டும் அசைய. "தன்ஷிகாவக் குடு. நான் சும்மா சொன்னது." சும்மா சொன்னதா? பாலத்தில் நின்று பொய் சொல்லாதே. "சும்மா இல்ல. சொன்னது சொன்னதுதான். திருப்பிக் குடு." தவிட்டைக் கம்பிக்கு வெளியே உதறினாள். காற்று அதை வாங்கிப் பாதியை ஆற்றில் போட்டது, பாதியைத் திருப்பி அவள் மேலேயே கொண்டுவந்து கொட்டியது. தம்பி தும்மினான்.

ஒற்றைத் தும்மல். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொன்று வந்துவிட்டால் நல்லது, இரட்டைத் தும்மல் சுபம். வா, இன்னொன்று வா. அவன் மூக்கைச் சுருக்கினான், சுருக்கின மாதிரியே கொஞ்ச நேரம் யோசித்தான், பிறகு அவள் கழுத்தில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு தூங்கிவிட்டான். இன்னும் நின்றாள். மூக்கில் ஒட்டியிருந்த தவிட்டைத் துடைக்கலாமா, துடைத்தால் வருகிற தும்மல் வராமல் போய்விடுமோ? "எறங்கும்மா, ஆரம்பிக்கப் போறோம்" என்று மேஸ்திரி கூப்பிட்டார். கூண்டுக்கும் ஆற்றுக்கும் பொதுவாக ஒரு தடவை தலையைக் குனிந்தாள், கும்பிடு என்றும் சொல்ல முடியாது, மன்னிப்பு என்றும் சொல்ல முடியாது, சொந்தக்காரர் வீட்டு வாசலில் கதவு திறக்காமல் திரும்பி வருகிறபோது குனிகிறோமே அந்த மாதிரி. தடத்தில் திரும்பி நடக்கும்போது பின்னால் சீறல் ஆரம்பித்தது. திரும்பிப் பார்க்கவில்லை. வீடு வருகிறவரைக்கும் தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள், வெயில் சூடா, உள் சூடா, வெயில் சூடா, உள் சூடா.

"வந்துட்டா ஒங்கம்மா," என்று, அதுவரை தன்சியைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெயக்கொடி அக்கா வாசலிலிருந்தே ஆரம்பித்தாள். "ஏண்டி கௌசி, கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு வெட்டுற பாலத்துக்குப் போயிருக்கியே, மூள கீள இருக்கா? பைப்படியில பாத்தவ வந்து சொல்றா." தன்சி ஓடி வந்தது. அம்மாவிடம் வரவில்லை, தம்பியின் தொங்குகிற காலைப் பிடித்து விரல்களைத் தொட்டுப் பார்த்தது, இருக்கிறானா என்று பார்த்த மாதிரி இருந்தது. கௌசல்யா தரையில் உட்கார்ந்து பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இந்தா பாரு தங்கம். பாலத்துல போயி எடுத்துட்டு வந்தேன். அவன் கூண்டு. பாரு, யாராச்சும் இருக்காங்களா? நல்லாப் பாரு." தன்சி பார்த்தது. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூக்கு முட்டுகிற அளவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தது. உடம்பு விறைத்தது, மடியில் இருந்ததால் அவளுக்குத் தெரிந்தது. "இருக்கான்." "எங்கடி?" "இந்தா." விரல் வைத்தது. வெயிலில் அவளுக்குத் தெரியாதது வீட்டு நிழலில் பளிச்சென்று தெரிந்தது. கூண்டுக் கம்பியிலும் தகட்டிலும் மடிந்து ஒரு ஆள் நின்றான். கறுப்பாக, நெடுநெடுவென்று, தோளில் ஒரு மூட்டையோடு. "மூட்ட வச்சிருக்கான்" என்றது பிள்ளை, அழவில்லை, கிசுகிசுத்தது. "அது மூட்ட இல்லடி, அது தம்பி" என்றாள் கௌசல்யா அவசரத்தில். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தன்சி தம்பியைப் பார்த்தது, போனைப் பார்த்தது, தம்பியைப் பார்த்தது. உதடு கோணிக்கொண்டு வந்தது. "இல்லடி, இல்லடி, அது நான். அம்மாவோட நெழல். வெயில் பின்னால அடிச்சிதில்ல, நான் நின்னேன், தம்பியத் தோள்ல போட்டுருந்தேன், நெழல் விழுந்துருச்சி. அது நாந்தான்." "நீயா?" "நாந்தான்." தன்சி யோசித்தது. "நீதான் பாலத்துக்காரனா?" ஜெயக்கொடி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கௌசல்யாவுக்குச் சிரிக்க வரவில்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள், எத்தனை தடவை இல்லை என்று சொல்வது, எதை இல்லை என்று சொல்வது. "ஆமா," என்றாள். "வேற யாருமே இல்ல. எப்பவும் இல்ல. அம்மாதான் அப்படிப் பேசுனேன்." பிள்ளை தலையாட்டவில்லை. நர்சுக்கு ஆட்டுகிற ஆட்டு இந்தத் தடவை வரவில்லை. மடியிலிருந்து மெதுவாக இறங்கி, எதிரே, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டது.

மத்தியானமாகிவிட்டது. சோறு போட்டாள், பருப்பு ஊற்றினாள், நெய் விட்டாள், வழக்கத்தைவிட ஒரு சொட்டு கூடவே விட்டாள். தன்சி ஒரு வாய் வாங்கியது, மென்றது, இன்னொரு வாய். பிறகு கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு இருந்தது. பிறகு ஒற்றை விரலால் தட்டைத் தள்ளியது, ஒரு சாண்கூட இருக்காது. "போதும்மா." ஜெயக்கொடி அக்கா நிலைப்படியில் இருந்தாள். "அடிப்பாவி, ரெண்டு வாய்தான தின்ன! அப்படியே கெடக்கு. தின்னு, இல்லாட்டி..." "அக்கா," என்றாள் கௌசல்யா. அவள் அப்படிக் குறுக்கே பேசி அக்கா கேட்டதில்லை. "வேணாங்கா. ஒண்ணும் சொல்லாதீங்க." அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நல்லதுக்குக் காலமில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தொட்டிலில் தம்பி விழித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தான், மார்பில் சுரந்து ரவிக்கை நனைந்தது, வெயிலில் நடந்த தலை விண்விண்ணென்று தெறித்தது, நெய்ச் சோறு தட்டில் உறைந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு வாய் வாங்கினால் என்ன? ரெண்டு வாயில் என்ன பசியாறும்? இத்தனை தூரம் போய் வந்தவளுக்காக ஒரு வாய் தின்னக் கூடாதா இந்தப் பெண்? சிடுசிடுவென்று அடிவயிற்றிலிருந்து ஒன்று ஏறி வந்தது, அவளுக்கு நன்றாகப் பழகினது, மார்பைத் தாண்டித் தொண்டைக்கு வந்து, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. தன்சி அசையவில்லை. தட்டைப் பார்க்கவில்லை, கொல்லைப்புறக் கதவையும் பார்க்கவில்லை. அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.